அவசரக்காரரின் காதல் கவிதைகள்

தபால்காரரைப் பற்றிக் கவிதை எழுதியவர்கள் சிலர் இருக்கலாம். அவருக்கு ராஜ மரியாதை கொடுத்து ‘மாட்சிமை தங்கிய தபால்காரர்’ என்று தலைப்பு வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: எமானுவல் கார்னெவாலி. இத்தாலியில் பிறந்து, பதினாறு வயதில் நியூயார்க்கில் போய் இறங்கி, அந்த ஊர்த் தெருக்களில் பொறுக்கிய ஆங்கிலத்தில் எழுதியவர்.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ராத்திரி முழுக்க நின்றுகொண்டு கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிற வேலை. கவிதைக் கிறுக்கு தனியாக உண்டு. அதனால் அந்தத் தலைப்பைக் கண்டதும் படிக்காமல் விட முடியவில்லை. கவிதையில் பேசுகிறவர் விடியலிலேயே எழுந்து காத்திருக்கிறார். யாருக்காக? தபால்காரருக்காக. கடிதம் இருக்கிற நாளில் தபால்காரர் முகத்திலேயே ஒரு பெருமை வந்துவிடுகிறது என்கிறார் கார்னெவாலி. நூற்றுக்கு நூறு உண்மை. மணியார்டர் பட்டுவாடாவுக்குப் போகும் போஸ்ட்மேனின் நடை வேறு, மின்கட்டண நோட்டீஸ் கொண்டுபோகிறவரின் நடை வேறு.

அந்த இளைஞர் காத்திருந்தது பத்திரிகை ஆசிரியர்களின் பதிலுக்காக. கவிதையோடு சுயவிலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையையும் வைத்து அனுப்ப வேண்டும். கனத்த உறை வந்தால் கவிதை திரும்பிவிட்டது என்று அர்த்தம். மெல்லிய உறை என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நம் ஊர் எழுத்தாளர்களுக்கும் இந்த அவஸ்தை நன்றாகத் தெரியும். புக் போஸ்ட்டில் போனது புக் போஸ்ட்டிலேயே திரும்பி வருவதை என் கையாலேயே எத்தனையோ முறை பிரித்துப் போட்டிருக்கிறேன்.

பின்னர் அவருடைய காதல் கவிதைகளைத் தேடிப் படித்தபோதும் இதே காத்திருப்பு அங்கேயும் இருந்தது. காதலில் காலம் எப்படிக் கழிகிறது என்பதை அவர் யுகங்களாலும் ஜென்மங்களாலும் அளக்கவில்லை. ஒரு காலை, ஒரு நண்பகல், ஒரு ராத்திரி. அவ்வளவுதான் அவருடைய அளவுகோல். நாளைக்கு இந்த அறை இருக்குமா, வேலை இருக்குமா, பக்கத்தில் படுத்திருப்பவள் இருப்பாளா என்று தெரியாத ஒருவனின் காதல் அது. புலம்பெயர்ந்தவன் எழுதினால் விட்டுவந்த ஊரை நினைத்து உருகுவான் என்று நாம் எதிர்பார்ப்போம். இவர் இன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் எழுதினார். அவரைப் படிக்க வேண்டிய காரணம் அதுதான் என்பது என் கட்சி.

ஃப்ளாரன்ஸிலிருந்து நியூயார்க் வரை

1897 டிசம்பர் 4-ஆம் தேதி ஃப்ளாரன்ஸ் நகரில் பிறந்தார் கார்னெவாலி. அவர் பிறப்பதற்கு முன்பே தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தாயோடும் தாயின் சகோதரி குடும்பத்தோடும் ஊர் ஊராக வளர்ந்தார். தாய் மார்ஃபின் பழக்கத்துக்கு ஆட்பட்டவர், 1908-இல் இறந்தார். அதன் பிறகுதான் பையன் தந்தையிடம் போய்ச் சேர்ந்தான். தந்தை அரசு ஊழியர், கண்டிப்பானவர். இருவருக்கும் ஒத்துவரவில்லை. வெனிஸில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள்; அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு பொலோன்யாவில் தொழிற்கல்விப் பள்ளி. அங்கே இலக்கியம் கற்பித்தவர் அடோல்ஃபோ அல்பெர்டாட்ஸி என்ற எழுத்தாளர். இலக்கிய ருசி அங்கே ஒட்டிக்கொண்டது. வீடு மட்டும் ஒட்டவில்லை.

1914 வசந்தத்தில் ஜெனோவா துறைமுகத்தில் கப்பலேறினார். ஏப்ரலில் நியூயார்க். அந்த ஆண்டு கோடையில்தான் முதல் உலகப்போர் வெடித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் இத்தாலியும் அதில் இறங்கியது. ஊரிலேயே இருந்திருந்தால் அவர் வயதுப் பையன்களோடு பதுங்குகுழிக்குப் போயிருப்பார்.

அது இத்தாலியர்கள் அலை அலையாக அமெரிக்காவுக்குப் போன காலம். 1880-க்கும் 1920-க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் விவசாயிகள், கூலிகள். ரயில் பாதை போட, சுரங்கம் தோண்ட, கட்டடம் எழுப்ப அங்கே ஆள் வேண்டியிருந்தது. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்று போனவர்களே அதிகம். கணிசமானவர்கள் திரும்பியும் விட்டார்கள். கார்னெவாலி இந்தக் கூட்டத்தில் பொருந்தாத ஆள். வடக்கத்திக்காரர், படித்தவர், குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லாதவர். அப்பாவிடமிருந்து தப்பி ஓடி வந்தவர் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஆனால் அமெரிக்கா இந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்கவில்லை. உணவகத்தில் தட்டுக் கழுவினார். பரிமாறினார். மளிகைக் கடையில் நின்றார். குளிர்காலத்தில் தெருவில் பனி வாரினார். வேலை கிடைக்காத நாட்களில் பட்டினி. இந்த அலைச்சலுக்கு நடுவே கடைப் பலகைகளையும் விளம்பரங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்து ஆங்கிலம் கற்றுக்கொண்டார். இறங்கி நாலு வருஷம்கூட முடியாத நிலையில், 1918 மார்ச் மாதம், அமெரிக்காவின் முதன்மையான கவிதை இதழில் அவருடைய கவிதைகள் வெளியாயின.

அந்த இதழின் பெயர் ‘போயட்ரி’. 1912-இல் சிகாகோவில் ஹாரியட் மன்றோ என்ற பெண்மணி தொடங்கியது. எஸ்ரா பவுண்ட், டி.எஸ். எலியட் போன்றவர்களின் கவிதைகளை உலகுக்குக் காட்டிய இதழ். அதில் ‘அற்புதமான சாதாரணம்’ என்று பொருள்படும் தலைப்பில் கார்னெவாலியின் கவிதைகள் ஒரு வரிசையாக வந்தன. இளம் கவிஞருக்கான பரிசையும் அந்த இதழ் அவருக்குக் கொடுத்தது.

வாடகை அறையில் காதல்

1917-இல் எமிலியா என்ற பெண்ணை மணந்தார். அவளும் குடியேறிதான், வட இத்தாலியின் பீட்மாண்ட் பகுதிக்காரி. மாப்பிள்ளைக்கு இருபது வயது நிறையவில்லை. குடித்தனம் நடந்தது, கட்டிலும் நாற்காலியும் போட்டு வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் அறைகளில். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் புதுமணத் தம்பதி குடியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே இருட்டு, அதே பொதுக் குளியலறை, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமும் அதே சத்தம். பிற்காலத்தில், 2006-இல், டென்னிஸ் பரோன் என்ற பேராசிரியர் அவருடைய கவிதைகளைத் தொகுத்தபோது இந்த மாதிரி அறைகளின் பெயரையே நூலுக்கு வைத்தார்.

காதலைப் பாட வருபவனுக்கு நிலா, நதி, தோட்டம் என்று பழைய சாமான்கள் கைவசம் உண்டு. கார்னெவாலிக்கு நிலா தெரிந்தாலும் பக்கத்துக் கட்டடத்துக் கொல்லைச் சுவருக்கு மேலேதான் தெரியும். அதனால் அவருடைய காதல் கவிதைகளுக்குள் அழுக்குப் பாத்திரம் வரும். விடிந்ததும் வேலை தேடிப் போக வேண்டும் என்ற எரிச்சல் வரும். தூங்கி எழுந்த மனைவியின் முகம் வரும். அந்த முகத்தின் அழகும் அலுப்பும் சேர்ந்தே வரும்.

‘கோடை நாள்’ என்று பொருள்படும் அவருடைய நெடுங்கவிதை ஒன்று இருக்கிறது. காலையில் தொடங்கி இரவு வரை ஒரே நாளின் ஓட்டம். அதில் பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. எழுகிறார்கள், வெளியே போகிறார், தெருவைப் பார்க்கிறார், திரும்புகிறார், இருட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மனசு ஒரு பக்கம் சாய்கிறது. காலையில் உலகத்தையே வாங்கிவிடலாம் போன்ற உற்சாகம். வெயில் ஏற ஏற அது கசப்பாகிறது. இரவில் ஒரு சரணாகதி. ஒரு தாம்பத்தியத்தின் முப்பது வருஷத்தைப் பதினாறு மணி நேரத்துக்குள் மடித்து வைத்தாற்போல இருக்கிறது படிக்கும்போது.

காலம் பற்றிய கவிதை என்றால் பெரும்பாலும் நாம் சந்திப்பது இரண்டு வகை. ஒன்று, இளமை போயிற்றே என்று ஏங்குவது. இன்னொன்று, எல்லாம் ஒருநாள் அழியும் என்று தத்துவம் பேசுவது. கார்னெவாலிக்கு இரண்டுக்கும் நேரமில்லை. அவருடைய காலம் கூலிக்காரனின் காலம். எத்தனை மணிக்கு ஆள் எடுக்கிறார்கள், வாடகை எந்தக் கிழமை தர வேண்டும், தபால் எத்தனை மணிக்கு வரும் என்பதில்தான் அவருடைய கடிகாரம் ஓடுகிறது. அந்தக் கடிகாரத்தின் இடைவெளியில் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் காதலுக்கு. கொஞ்சம்தான் இருக்கிறது என்பதால் அவர் அதில் பேராசைப்படுகிறார், அள்ளிக்கொள்ளப் பார்க்கிறார், கிடைக்காதபோது சத்தம் போடுகிறார்.

அவருடைய கவிதைத் தலைப்புகளில் ஒன்றுக்கு ‘அது கடந்துபோன பின்’ என்று பொருள். இன்னொன்று, உணர்ச்சி மிகுந்த ஒப்பாரி என்கிறது. அதில் காதலியைப் பார்த்து, நான் துக்கப்படுகிறபோது உன்னால் எனக்கு என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி கேட்கிறார். நயமான கேள்வி இல்லை. ஆனால் துக்கம் முற்றிய ராத்திரியில் எந்தத் துணையும் உதவாது என்று ஒரு கணமாவது நினைக்காதவர்கள் யார்? காதலின் பெருமையைப் பாடிக்கொண்டே அதன் கையாலாகாத்தனத்தையும் சேர்த்துச் சொன்னதால்தான் நான் அவரை நம்புகிறேன்.

அவரை நல்ல கணவர் என்று சொல்லிவிட முடியாது. 1919-இல் எமிலியாவை நியூயார்க்கிலேயே விட்டுவிட்டுச் சிகாகோவுக்குப் போனார். அங்கே வேறு பெண்களிடம் மனசு போயிற்று. பின்னாளில் எழுதிய தன்வரலாற்றில் இதையெல்லாம் மறைக்கவில்லை, தன்னையே ஏசிக்கொள்கிறார். எமிலியாவின் தரப்பைச் சொல்லக் கவிதைகளில் ஆளில்லை என்பதை நாம் மனதில் வைத்துக்கொண்டுதான் அவற்றைப் படிக்க வேண்டும். சோறு ஆக்கி, துணி துவைத்து, இவருடைய கோபதாபங்களையும் தாங்கியவளுக்கு அந்தக் கோடை நாள் எத்தனை நீளமாக இருந்திருக்கும்!

தெருவில் கற்ற மொழி

கார்னெவாலியின் ஆங்கிலம் பிசகுகள் உள்ள ஆங்கிலம். வாக்கியம் எங்கோ தொடங்கி எங்கோ இடிக்கும். உள்ளூர்க்காரர் சொல்லத் தயங்குகிற சொல்லை இவர் சட்டென்று போட்டுவிடுவார். அந்த ஓசையில் இத்தாலியனும் கலந்திருக்கும். அன்றைய புதுமைக் கவிஞர்களை இது கிறங்கடித்தது. ஷெர்வுட் ஆண்டர்சன், கார்ல் சாண்ட்பர்க் போன்ற சிகாகோ எழுத்தாளர்களோடு பழக்கம் ஏற்பட்டது. நியூஜெர்ஸியில் டாக்டராக வேலை பார்த்துக்கொண்டே கவிதை எழுதிய வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், ‘அதர்ஸ்’ என்ற புதுக்கவிதைச் சிற்றிதழின் கடைசி இதழை 1919 ஜூலையில் கொண்டுவந்தபோது, அதைக் கார்னெவாலிக்குச் சமர்ப்பித்தார். வந்தேறி இளைஞன் ஒருவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைப்பது சிறிய விஷயம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்தையே கார்னெவாலி வெளுத்து வாங்கியிருந்தார். லோலா ரிட்ஜ் என்ற கவிஞர் நியூயார்க்கில் தன் வீட்டில் இலக்கியக் கூட்டங்கள் நடத்துவார். அவரும் அயர்லாந்தில் பிறந்து நியூசிலாந்து வழியாக அமெரிக்கா வந்தவர்தான். அங்கே கார்னெவாலி எழுந்து நின்று, நீங்கள் எல்லோரும் எந்நேரமும் உத்தி, உத்தி என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வாழ்க்கை எங்கே என்று கேட்கும் தொனியில் ஓர் உரை நிகழ்த்தினார். அந்த உரை பின்னர் அவருடைய நூலிலும் இடம்பெற்றது. திட்டு வாங்கியவர்களில் வில்லியம்ஸும் அடக்கம். திட்டியவனுக்கே இதழைச் சமர்ப்பித்த அவருடைய பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும்.

கார்னெவாலிக்கு வால்ட் விட்மன் பிடிக்கும்; அவர் பெயரிலேயே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். 1855-இல் வந்த விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ யாப்பை உதறி, தெருவையும் தொழிலாளியையும் கவிதைக்குள் கொண்டுவந்த நூல். தமிழ்ப் புதுக்கவிதைக்கும் அந்த ஊற்றோடு தொடர்பு உண்டு. விட்மனைப் படித்துத் தூண்டப்பட்ட ந. பிச்சமூர்த்தி 1934-இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய கவிதையின் பெயரே ‘காதல்’. ஒரே நூல் நியூயார்க்கில் தட்டுக் கழுவிய இத்தாலியரையும் கும்பகோணத்து வக்கீல் பிச்சமூர்த்தியையும் காதலைப் பற்றிப் புது மாதிரி பேச வைத்திருக்கிறது.

இத்தாலியிலிருந்து வந்து கவிஞரானவர்கள் வேறு சிலரும் உண்டு. அப்ரூட்ஸோ மலைக் கிராமத்திலிருந்து வந்த பாஸ்கல் டி ஏஞ்சலோ மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சாலை வேலை செய்துகொண்டே அகராதியை வைத்து ஆங்கிலம் கற்றவர். 1924-இல் தன் வரலாறு எழுதினார், 1932-இல் வறுமையில் இறந்தார். அர்த்துரோ ஜோவன்னித்தி 1912-இல் லாரன்ஸ் நகர ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்று அங்கிருந்தே கவிதை எழுதியவர். ஒருவர் உழைப்பைப் பாடினார், மற்றவர் போராட்டத்தைப் பாடினார். வாடகை அறைக்குள் இரண்டு பேருக்கு நடுவே நேரம் எப்படிப் போகிறது என்பதைப் பாட கார்னெவாலிதான் இருந்தார்.

நின்றுபோன கடிகாரம்

சிகாகோவில் ‘போயட்ரி’ இதழின் துணையாசிரியர் வேலை கிடைத்தது. அது சில மாதங்களுக்கு மேல் நீடிக்கவில்லை. மனநிலை குலைந்தது. தன்னை ‘முதல் கடவுள்’ என்று நம்பிய நாட்களும் உண்டு. மருத்துவமனை வாசம், பிறகு மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் தனிமை வாசம். 1920-களின் தொடக்கத்தில் உடம்பே கைவிட்டது.

வந்த நோய், மூளையைத் தாக்கும் ஒரு விநோதக் காய்ச்சல். தூக்க நோய் என்று மக்கள் சொன்னார்கள். 1917-இல் வியன்னாவில் ஃபான் எகனாமோ என்ற மருத்துவர் இதை விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் லட்சக்கணக்கானோரைத் தாக்கிவிட்டு, வந்த மாதிரியே மறைந்தது. காய்ச்சலில் பிழைத்தவர்களில் பலருக்கு, பிற்பாடு பார்க்கின்சன் நோயாளிகளைப் போலக் கைகால் நடுக்கமும் விறைப்பும் வந்தன. சிலர் பல பத்தாண்டுகள் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள். 1969-இல் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் என்ற டாக்டர் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு எல்-டோபா மருந்து கொடுத்து எழுப்பிய கதையை ‘அவேக்கனிங்ஸ்’ என்ற நூலாகவும், பின்னர் ராபர்ட் டி நீரோ நடித்த படமாகவும் பலர் அறிவார்கள். கார்னெவாலி காலத்தில் அந்த மருந்து இல்லை. நடுக்கத்தை அடக்க ஸ்கோபோலமின் கொடுப்பார்கள். நம் ஊர் ஊமத்தையிலும் இருக்கிற சத்து அது. நடுக்கம் கொஞ்சம் குறையும், நோய் தீராது.

1922-இல் இத்தாலிக்குத் திரும்பினார். அதாவது, எட்டு ஆண்டு அமெரிக்க வாழ்க்கை அதோடு சரி. பொலோன்யாவுக்கு மேற்கே பட்ஸானோ என்ற சிற்றூரில் பொது மருத்துவமனைக் கட்டில். இருபத்துநாலு வயது. சொந்த நாட்டுக்கு வந்தவர் சொந்த மொழியில் எழுதியிருக்கலாம். அவர் ஆங்கிலத்திலேயே தொடர்ந்து எழுதினார். சுற்றிலும் இத்தாலியன் பேசுகிற நோயாளிகள், கன்னியாஸ்திரீகள்; நடுவில் இவர் நடுங்கும் விரலால் டைப்ரைட்டரில் ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் இருந்தவரை இத்தாலியர் என்றார்கள். இத்தாலியில் அவர் அமெரிக்கராகிப் போனார்.

இங்கேதான் அவருடைய கவிதையில் காலம் வேறு முகம் காட்டுகிறது. முன்பு, நேரம் போதவில்லை என்று ஓடினார். இப்போது நேரம் மலையாகக் குவிந்து கிடக்கிறது, ஓடத்தான் கால் இல்லை. மருந்து வேளைக்கும் மருந்து வேளைக்கும் நடுவே ஒரு பகல் எத்தனை மெதுவாக நகரும் என்பதை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம். மருத்துவமனைக் கிழவர்கள், ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு, வந்துபோகும் பருவங்கள் எல்லாம் எழுத்தில் வருகின்றன. காதலும் வருகிறது, ஆனால் தொலைவில் இருந்து. கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்றிருந்தவரை நோய் திரும்பிப் பார்க்க வைத்தது. அப்போதும் அவர் நினைத்துக்கொண்டது பிறந்த ஃப்ளாரன்ஸை அதிகம் இல்லை; நியூயார்க்கின் அறைகளையும் சிகாகோவின் ஏரியையும்தான்.

1925-இல் அவருடைய வாழ்நாளில் வந்த ஒரே நூல் வெளியானது. பெயர், ‘அவசரக்காரன்’ என்று பொருள்படும் ‘எ ஹரீட் மேன்’. ராபர்ட் மெக்கால்மன் என்ற அமெரிக்கர் பாரிஸில் நடத்திய ‘காண்டாக்ட் எடிஷன்ஸ்’ வெளியீடு. ஹெமிங்வேயின் முதல் நூலை 1923-இல் போட்டதும் இதே பதிப்பகம்தான். மெக்கால்மன் நூலைப் போட்டதோடு நிற்காமல், நேரில் வந்து பார்த்து, இவரை நல்ல தனியார் மருத்துவமனைக்கு மாற்றிச் சில காலம் செலவையும் ஏற்றார். எஸ்ரா பவுண்ட் கடிதம் எழுதி உதவினார்; பவுண்டின் ‘காண்டோஸ்’ நெடுங்கவிதையின் ஒரு பகுதியைக் கார்னெவாலி இத்தாலியனில் பெயர்த்தார். சகல தொடர்புகளும் தபால் வழியாகத்தான். கட்டிலை விட்டு எழ முடியாத மனிதர் பாரிஸோடும் நியூயார்க்கோடும் சிகாகோவோடும் பேசிக்கொண்டிருந்தார் என்றால், அதில் என் துறைக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்று கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்கிறேன்.

கே பாயில் என்ற அமெரிக்க எழுத்தாளர் இவருக்குக் கடிதத் தோழியாகி, பிறகு நேரிலும் வந்து பார்த்தவர். கார்னெவாலி துண்டு துண்டாக எழுதி அனுப்பிய தன்வரலாற்றுப் பக்கங்களைப் பல்லாண்டு காலம் பாதுகாத்துவைத்து, ஒழுங்குபடுத்தி, 1967-இல் நியூயார்க்கில் நூலாகக் கொண்டுவந்தார். எழுதியவர் இறந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு. 1978-இல் கார்னெவாலியின் தந்தைவழித் தங்கை மரியா பியா மொழிபெயர்க்க, ‘முதல் கடவுள்’ என்ற பெயரில் அடெல்ஃபி பதிப்பகம் அதை இத்தாலியனில் வெளியிட்டது. பிறந்த நாட்டார் அவரைப் பரவலாக அறிந்துகொண்டது அப்போதுதான், அதுவும் மொழிபெயர்ப்பில்.

கார்னெவாலி 1942 ஜனவரி 11-ஆம் தேதி பொலோன்யாவில், ரொட்டித் துண்டு தொண்டையில் அடைத்து இறந்தார். வயது நாற்பத்துநாலு. அதில் பாதி நோயில் கழிந்தது.

எப்படிப் படிப்பது?

இந்த வாழ்க்கைக் கதை உருக்கமானது, அதனாலேயே ஆபத்தானதும்கூட. கதையைக் கேட்டு ‘ஐயோ பாவம்’ என்று முடித்துவிட்டால் கவிதை காணாமல் போய்விடும். அவர் உலக மகா கவிஞர் என்று நான் வாதாட வரவில்லை. பல கவிதைகளில் கத்தல் அதிகம். சிலவற்றில் தன்னிரக்கம் அளவுக்கு மீறிப் போகிறது. இன்னும் இரண்டு முறை திருத்தி எழுதியிருக்கலாமே என்று தோன்றும் இடங்கள் உண்டு. திருத்த உட்காராததுதான் அவருடைய பலவீனம்.

ஆனால் காதலையும் காலத்தையும் பற்றி அவர் பிடித்த ஒரு விஷயத்தை, பக்குவமான கவிஞர்கள் பலர் தவறவிட்டிருக்கிறார்கள். காதல் என்பது நினைவாகிப் பழுத்த பிறகு எழுத வேண்டிய ஒன்று என்று பொதுவாக நினைக்கிறோம். நினைவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அது அழுக்கைத் துடைத்துவிடும். சண்டையையும் சலிப்பையும் கழித்துவிட்டு மல்லிகையை மட்டும் மிச்சம் வைக்கும். கார்னெவாலி அதற்கு இடம் கொடுக்கவில்லை. காதல் நடந்துகொண்டிருக்கும்போதே, மறுநாள் வாடகைக் கவலையோடு, கை ஈரம் காயாமல் எழுதினார். அதனால் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள் அதன் வியர்வையோடும் எரிச்சலோடும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அவர் போன வாசல் அவருக்குப் பின்னால் வேகமாகச் சாத்தப்பட்டது. 1924-இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம், இத்தாலியிலிருந்து ஆண்டுக்கு 4,000-க்கும் குறைவானவர்களுக்கே இடம் என்று வரம்பு போட்டது. பத்து வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் கார்னெவாலி நியூயார்க்கைப் பார்த்திருக்கவே முடியாமல் போயிருக்கலாம். விளம்பரப் பலகையில் ஆங்கிலம் படித்த ஒரு பையன் ஆங்கிலக் கவிதைக்குள் நுழைவதற்கு இருந்த இடைவெளி அவ்வளவு சின்னது.

‘போயட்ரி’ பத்திரிகையின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1918 மார்ச் இதழில் தொடங்குங்கள். ஆங்கிலம் எளிமையானதுதான், புதிதாகக் கற்றவர் எழுதியது என்பதால் புதிதாகக் கற்கிறவருக்கும் புரியும். வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் முதலில் படிக்கட்டும் என்பேன், அவர்களுக்கு அகராதி அவ்வளவாகத் தேவைப்படாது. மொழிபெயர்க்கிற கை உள்ளவர்கள் அவருடைய பத்துக் கவிதைகளையாவது தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். செய்து ஏதேனும் சிற்றிதழுக்கு அனுப்புங்கள். கனத்த உறை திரும்பி வந்தாலும் சோர்ந்துவிடாமல் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.